கரும்பும் ஜானகி அம்மாளும்

சென்ற வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு தகப்பனார் நம்மைத் தேடி வந்தார். அவருடைய குமாரத்திக்கு வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைக்குமாம். அவளோ தாவர சாஸ்திரந்தான் வேண்டுமென்று பிடிவாதம் செய்கிறாளாம். "புல்லையும் பூண்டையும் படித்து என்ன ஸார் ஆகப் போகிறது?" என்றார். தக்க பதில் அப்போது நம் நாவில் எழவில்லை. வீடு திரும்பிய பிறகே, புல்லைப் படித்த ஒரு பெண்மணியின் ஞாபகம் வந்தது.

1897-ல் தலைச்சேரியில் பிறந்த இ. கே. ஜானகி அம்மாள், சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் பிரஸிடென்ஸி கல்லூரியிலும் பயின்று, 1921-ல் தாவர சாஸ்திரத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் போதித்து வருகையில், பார்பர் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலைக்குச் சென்றார். 1931-ல் டாக்டர் பட்டம். அதற்காக அவர் ஆராய்ந்த செடி, நம் கத்தரிக்கும் மிளகாய்க்கும் சுற்றம். பாரம்பரிய குணங்களைத் தாங்கி நிற்கும் குரோமோஸோம் என்னும் நுண்ணிய இழைகளை மைக்ராஸ்கோப்பின் வழியே பார்த்து எண்ணும் வேலை அது. கண்ணும் கழுத்தும் நோகும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

1934-ல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கரும்பும் புல் ஜாதிதானே! (தகப்பனாரிடம் இதைச் சொல்லத் தவறினோமே.) சாறு மிகுந்த தடித்த கரும்பு நம் வட நாட்டுச் சீதோஷ்ணத்தில் செழிப்பதில்லை, தானே முளைக்கும் காட்டுக் கரும்போ எதையும் தாங்கும், ஆனால் இனிப்பில்லை. இரண்டையும் கலந்த கோ 205 என்னும் ரகத்தை அந்நிலையத்தார் 1918-லேயே வெளியிட்டிருந்தனர். ஜானகி அம்மாள் இன்னும் தூரத்து உறவுகளைத் தேடினார். கரும்பை மூங்கிலோடும், மக்காச்சோளத்தோடும் சேர்க்க முடியுமா? மக்காச்சோளத்தோடு சேர்த்து முளைத்த செடியைப் பற்றி 1938-ல் எழுதினார். அந்தக் கலப்புச் செடி கடைத்தெருவுக்கு வரவில்லை என்பது உண்மையே. ஆனால் புற்களின் வம்சாவளியில் யாருக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்பது அதனால் துலங்கிற்று.

பிறகு இங்கிலாந்து. உலக யுத்தத்தின் நடுவே ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் உழைத்து, ஸி. டி. டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோஸோம்களைத் தொகுத்த பெரிய நூலை 1945-ல் வெளியிட்டார்.

அந்தத் தகப்பனார் திங்கட்கிழமை மறுபடியும் வருகிறார். பெண்ணையும் அழைத்து வரும்படி சொல்லியனுப்பியிருக்கிறோம். வேலை சுலபமென்று அவளிடம் சொல்லப் போவதில்லை. பள்ளியின் பழைய மைக்ராஸ்கோப்பைத் துடைத்து, தோட்டத்து அறுகம்புல் ஒன்றையும் பறித்து மேஜைமேல் வைக்கப் போகிறோம்.