வெளிறிப்போன ஒயினுக்கு ஒரு வக்காலத்து

ஒயின்ஷாப்னு பேர் வெச்சுட்டு ஒயினைத் தவிர மத்த எல்லாத்தையும் வித்த ஊர்ல வளர்ந்தவன் நான். அதனால இதைப் படிச்சுட்டு "பய அமெரிக்கா போனதும் மாறிட்டான்"னு யாராச்சும் பின்னூட்டம் போட்டா கோவிச்சுக்க மாட்டேன். கொஞ்சம் மாறித்தான் போயிட்டேன். குடிக்காத நண்பர்கள் இதை ஒரு விவசாயப் பதிவா நினைச்சுப் படிக்கலாம். பாதி அதுதான்.

போன சனிக்கிழமை நாலு பேர் வீட்டுக்குச் சாப்பிட வந்தாங்க. நான் ரொம்ப நாளா பொத்திப் பொத்தி வெச்சிருந்த ஒரு பினோ நுவார் பாட்டிலைத் திறந்தேன். இங்க ஆரிகன்ல, வில்லமெட் பள்ளத்தாக்குல, ஒரு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பசங்கன்னு ஒரு சின்னக் குடும்பம் பண்றது. நண்பன் ஒருத்தன் கிளாஸை லைட்டுக்கு நேரா தூக்கிப் பார்த்துட்டு, "என்ன மச்சி, நன்னாரி சர்பத்துல தண்ணி ஜாஸ்தியாயிடுச்சா?"ன்னான். கிளாஸுக்கு அந்தப் பக்கம் இருக்குற அவன் விரல் எனக்குத் தெரியுது. அவ்ளோ வெளுப்பு. அப்புறம் இன்னொருத்தன் வாங்கிட்டு வந்த பன்னெண்டு டாலர் கலிஃபோர்னியா பாட்டிலைத் திறந்தாங்க. அதுலயும் பினோ நுவார்னுதான் போட்டிருந்துச்சு. நாவப்பழம் மாதிரி கலர், லேசா தித்திப்பு. ஒரே நிமிஷத்துல ஓட்டெடுப்பு முடிஞ்சுது. நாலுக்கு ஒண்ணுன்னு தோத்தேன்.

அங்க பேச முடியலை, இங்க பேசிக்கறேன் :-)

முதல்ல அந்தக் கலர் விஷயம். பினோ நுவார் தோல் மெல்லிசான திராட்சை. நிறம் தோல்லதான் இருக்கு, அதனால ஒயினும் வெளுப்பாத்தான் வரும். அப்ப பன்னெண்டு டாலர் பாட்டில் எப்படிக் கருப்பாச்சு? வெயில் ஊர்ப் பழம் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா அமெரிக்க மத்திய அரசு சட்டப்படி, லேபிள்ல ஒரு திராட்சை பேர் போடணும்னா உள்ள அது 75 சதவீதம் இருந்தா போதும். மிச்சத்துக்கு சிரா மாதிரி கருப்பா இருக்குற எதை வேணா ஊத்திக்கலாம். ஆரிகன் மாநிலத்துல இந்த வேலை நடக்காது, பினோ நுவார்னு போட்டா 90 சதவீதம் அதுவாவே இருக்கணும். ஆக நாங்க ஓட்டு போட்டது ரெண்டு பினோவுக்கு நடுவுலயான்னே எனக்குச் சந்தேகம்.

இதுல பெரிய கூத்து பிரான்ஸ்ல நடந்துச்சு. 2004-ல 'சைட்வேஸ்'னு ஒரு படம் வந்து, அதுல ஹீரோ பினோ நுவாரைத் தலையில தூக்கி வெச்சு ஆட, அமெரிக்கா முழுக்க எல்லாருக்கும் பினோ வேணும்னு ஆயிடுச்சு. தெற்கு பிரான்ஸ்ல சில பேர் விலை கம்மியான மெர்லோவையும் சிராவையும் பினோன்னு சொல்லி ஏத்துமதி பண்ணிட்டாங்க. ஒண்ணு ரெண்டு இல்லை, சுமார் 1.8 கோடி பாட்டில். 2010 பிப்ரவரியில கார்கஸோன் கோர்ட் 12 பேருக்குத் தண்டனை கொடுத்துச்சு. மாட்டினது ருசியால இல்லை. வித்த அளவு அந்தப் பக்கம் விளைஞ்ச பினோவை விட அதிகமா இருந்ததைக் கணக்குப் பார்த்தவங்க கண்டுபிடிச்சாங்க. "குடிச்சவங்க ஒருத்தர் கூட புகார் பண்ணலையே"ன்னு எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினாராம். என் நண்பர்கள் மேல எனக்கு இருந்த கோவம் இதைப் படிச்சப்புறம் பாதியாக் குறைஞ்சு போச்சு.

இப்ப குளிர். கம்பத்துல எங்க பெரியப்பா பன்னீர் திராட்சை போட்டவர். அங்க கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து பண்ணினா நாலு மாசத்துல காய். ஒரு வெள்ளாமை மழையில போனா அடுத்த கவாத்துல பார்த்துக்கலாம். வில்லமெட் 45-வது அட்சரேகைப் பக்கம். குளிர்காலம் முழுக்கக் கொடி செத்த மாதிரி நிக்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு அறுவடை, செப்டம்பர் அக்டோபர்ல. பழம் பழுக்கவும் மழைக்காலம் ஆரம்பிக்கவும் சரியா இருக்கும். பினோ கொத்து வேற இடுக்கே இல்லாம நெருக்கமா இருக்கும், ஈரம் உள்ள போனா அழுகல்தான். முந்திப் பறிச்சா புளிப்பு, காத்திருந்தா மழை.

இதைப் பெரியப்பாகிட்ட போன்ல சொன்னப்ப "ஒரே வெள்ளாமையாடா? மழை பேஞ்சா என்னத்தப்பா பண்ணுவான்?"னு கேட்டார். ஒண்ணும் பண்ண மாட்டாங்க பெரியப்பா, ரிஸ்க்தான்னேன். "அப்ப வெல கூடத்தான் சொல்லுவான்"னார். ஒயின் வாசனையே தெரியாத மனுஷனுக்கு நாப்பது டாலர் விலை ஒரு வரியில புரிஞ்சுது.

இந்தச் சூதாட்டத்தை வேணும்னே தேடிப் போனவர் டேவிட் லெட். பல் டாக்டருக்குப் படிக்கக் கிளம்பின ஆள், நடுவுல ஒயின் பைத்தியம் பிடிச்சு கலிஃபோர்னியாவுல டேவிஸ்ல திராட்சை விவசாயம் படிச்சார். ஆரிகன் குளிருக்கு பினோ சரிப்படாதுன்னு அங்க இருந்த பெரியவங்க சொன்னதை மீறி, 1965-ல மூவாயிரம் நாத்துக் குச்சியோட வந்துட்டார். 1966-ல டண்டீ குன்றுகள்ல நட்டது ஐரி வைன்யார்ட்ஸ். வயித்துப்பாட்டுக்குப் பாடப்புத்தகம் வித்திருக்கார். ஒயின் பண்ணினது மெக்மின்வில் ஊர்ல, முன்னாடி வான்கோழி வெட்டுற ஆலையா இருந்த கட்டடத்துல. 1979-ல பாரிஸ்ல நடந்த போட்டியில அவரோட 1975 பினோ முதல் பத்துக்குள்ள வந்துச்சு. பர்கண்டிக்காரர் ரொபேர் ட்ரூயன் இதை நம்பாம 1980-ல மறுபடி ஒரு போட்டி வெச்சார். இந்தத் தடவை ரெண்டாம் இடம். முதல்ல வந்தது ட்ரூயனோட 1959, வித்தியாசம் 0.2 மார்க். 1987-ல ட்ரூயன் குடும்பமே வந்து அதே குன்றுல நிலம் வாங்கிடுச்சு. இதை விட நல்ல பின்னூட்டம் யாருக்குக் கிடைக்கும்!

சரி, சின்னக் குடும்பம்னா எல்லாமே நல்லாயிருக்குமா? அதெல்லாம் இல்லை. காடி வாசனை அடிக்கிற பாட்டிலைக் கையில கொடுத்துட்டு "இதுதான் எங்க மண்ணோட குணம்"னு சொன்னவங்களையும் பார்த்திருக்கேன். நான் சொல்றது வேற. பெரிய பிராண்டுக்கு நூறு இடத்துப் பழம் வருது. அதைக் கலந்து வருஷா வருஷம் ஒரே ருசிக்குக் கொண்டு வந்துடலாம். இருபது ஏக்கர் வெச்சிருக்குற குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது, அந்த வருஷத்து வானம் என்ன கொடுத்துச்சோ அதுதான் பாட்டில்ல. எங்க தொழில்ல ஒரே இன்புட்டுக்கு வேற வேற அவுட்புட் வந்தா அது பக். இங்க இன்புட்டே ஒவ்வொரு வருஷமும் வேற.

அந்தக் குடும்பத்தோட 2011-ஐயும் 2015-ஐயும் ஒரே நாள் குடிச்சுப் பார்த்தேன். 2011 பயங்கரக் குளிர் வருஷம், சில இடத்துல அறுவடை நவம்பர் வரைக்கும் போச்சு. வந்த புதுசுல அந்த வருஷ ஒயின்களை ஒல்லிப்பிச்சான்னு பல பேர் ஒதுக்கினாங்க. இப்ப அதுல மழை பெஞ்ச மண் வாசனை, காய்ஞ்ச ரோஜா, புளிப்பு செர்ரி. ஆல்கஹால் பன்னெண்டரைதான். 2015 வெயில் வருஷம். குண்டா, சமத்தா இருந்துச்சு, பாதி கிளாஸுக்கு அப்புறம் எனக்குப் பேச ஒண்ணும் இல்லை.

இந்தக் குளிர் இனிமே எத்தனை நாளைக்குன்றதுதான் எனக்கு இப்ப உறுத்துது. லெட் 2008-ல போயிட்டார், 2005-லயே பையன் ஜேசன் பொறுப்பு எடுத்துக்கிட்டார். அப்பாகிட்ட குளிர் ஜாஸ்தின்னு பயமுறுத்தினாங்க, பையன் காலத்துல பயம் தலைகீழ். 2020 செப்டம்பர் காட்டுத்தீயில புகை பழத்துல ஏறி, அந்த வருஷம் பினோவே பண்ணாதவங்க இங்க நிறைய. 2021 ஜூன்ல போர்ட்லாண்ட் 46 டிகிரியைத் தொட்டுச்சு. எங்க மதுரையில கூட அது செய்தி. புதுசா நடுறவங்க குளிரைத் தேடிக் குன்று மேல இன்னும் உசரத்துக்குப் போறாங்க. ஏற்கனவே நட்ட குடும்பம் எங்க போகும்?

என்கிட்ட 2011 இன்னும் ரெண்டு பாட்டில் இருக்கு. நன்னாரி சர்பத்துன்னு சொன்னவனைத் தவிர யார் வேணா வரலாம்.

டிஸ்கி: வரும்போது மட்டன் சுக்கா வேண்டாம், காரத்துல ஒயின் செத்துடும். சால்மன் நான் வறுத்து வெக்கிறேன். மீனுக்கு ரெட் ஒயினான்னு கேக்குறவங்க குடிச்சுட்டுக் கேளுங்க.