இங்கே ஒரு நகர் இருந்தது

காஸ்திரோ என்று சொன்ன மாத்திரத்தே, கியூபா நாட்டை நெடுங்காலம் ஆண்ட தாடித் தலைவரின் உருவமே நம்மிற் பலருக்கு நினைவில் எழும். இந்த வாரம் நாம் பேசப் புகும் காஸ்திரோ ஒரு மனிதரின் பெயரன்று. ஒரு நகரின் பெயர். இத்தாலியில், உரோமாபுரிக்கு வடமேற்கே, பொல்சேனா ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் அந்நகர் இருந்தது. 1537ஆம் ஆண்டில் அது ஒரு சிற்றரசின் தலைநகராயிற்று. 1649ஆம் ஆண்டில் அது தரைமட்டமாயிற்று. இடைப்பட்ட காலம் 112 ஆண்டுகள். ஒரு மனிதன் தன் பாட்டனிடம் கேட்ட கதையைத் தன் பேரனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் ஓர் அரசு பிறந்து, வளர்ந்து, மறைந்தும் போயிற்று.

கதைக்குள் நுழையுமுன் மாணவர்கள் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். அக்காலத்தில் இத்தாலி என்றொரு நாடு இருக்கவில்லை. வெனிஸ், புளோரன்ஸ், மிலான், நேப்பிள்ஸ் எனப் பற்பல அரசுகளாக அந்நிலம் பிரிந்து கிடந்தது. அவை ஒன்றாகி இத்தாலிய இராச்சியம் தோன்றியது 1861ஆம் ஆண்டிலேயே. நடு இத்தாலியின் பெரும்பகுதியைப் பாப்பரசர் ஆண்டார். அவர் திருச்சபையின் தலைவராக இருந்தது போலவே, படையும் வரியும் சிறைச்சாலையும் உடைய ஓர் அரசராகவும் இருந்தார். இந்த இரட்டை நிலையை அறியாதவருக்குக் காஸ்திரோவின் கதை விளங்காது.

1534ஆம் ஆண்டில் அலெசாந்திரோ பர்னேசே என்னும் கர்தினால், மூன்றாம் பவுல் என்னும் பெயருடன் பாப்பரசரானார். அவர் சாமானியரல்லர். இயேசு சபைக்கு 1540இல் அங்கீகாரம் அளித்தவர் அவரே. அச்சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார் 1542இல் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கரையை வந்தடைந்ததை நம் வாசகர் அறிவர். புகழ் பெற்ற திரெந்து நகர்ச் சங்கத்தை 1545இல் கூட்டியவரும் அவரே. மைக்கலாஞ்சலோ 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தை எழுதி முடித்ததும் அவர் காலத்திலேதான். இத்துணைப் பெரியவரிடத்து ஒரு பலவீனம் இருந்தது. அது பிள்ளைப் பாசம். குருப்பட்டம் பெறுவதற்கு முன் அவருக்குப் பிறந்த மைந்தர்களுள் ஒருவன் பியர் லூயிஜி. அவனை அரசனாக்கிப் பார்க்க வேண்டும் என்பது தந்தையின் தணியாத ஆசை.

ஆசை நிறைவேறுவதற்குப் போர் தேவைப்படவில்லை. ஓர் ஆணைப்பத்திரமே போதுமானதாயிற்று. 1537 ஒக்டோபரில், தமது ஆட்சிக்குட்பட்ட நிலத்திலிருந்தே ஒரு துண்டை வகுத்தெடுத்து, அதற்குக் காஸ்திரோ எனப் பெயரிட்டு, பியர் லூயிஜிக்கு 'டியூக்' என்னும் கோமகன் பட்டத்தையும் சூட்டி அளித்தார் பாப்பரசர். மொந்தால்தோ, கனினோ, வலந்தானோ, இஸ்கியா முதலிய ஊர்களும், பொல்சேனா ஏரியின் இரு சிறு தீவுகளும் அதில் அடங்கின. சற்றுத் தொலைவிலிருந்த ரொன்சிலியோனே என்னும் ஊரும் அதனோடு சேர்க்கப்பட்டது. நாடு சிறிது; ஆயினும் நிலம் வளமானது. அங்கு விளைந்த கோதுமை உரோமாபுரிச் சந்தைக்குச் சென்றது. இந்தக் கோதுமையை வாசகர் மறவாதிருத்தல் நன்று. பின்னர் இதனாலேயே வினை விளைந்தது.

தலைநகரான காஸ்திரோவோ அன்று ஒரு குன்றின்மேற் கிடந்த ஏழைச் சிற்றூர். அதனை ஓர் அரச நகராக்கும் பணி, அன்றோனியோ த சங்கால்லோ என்னும் கட்டடக்கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. உரோமாபுரியில் பர்னேசே மாளிகையை வகுத்தவரும், புனித இராயப்பர் பேராலயத் திருப்பணியை நடத்தியவரும் இவரே. இவர் கைபட்டதும் சிற்றூரின் முகம் மாறிற்று. பெரிய சதுக்கம் ஒன்று அமைந்தது. அதனைச் சுற்றிக் கோமகனின் மாளிகையும், நாணயச் சாலையும், வளைவுகள் தாங்கிய மண்டபமும் எழுந்தன. கோமகனின் செயலாளராக இருந்த அன்னிபாலே காரோ என்னும் புலவர், முன்பு நாடோடிகளின் குடிசைக் கூட்டம் போலக் கண்ட ஊர், பண்டைக் கார்த்தேஜ் நகரின் பிறப்பைப் போன்று விரைந்தெழுவதாக வியந்து எழுதினார். கார்த்தேஜ் எவ்வாறு எழுந்தது என்பதை நினைத்த அவருக்கு, அஃது எவ்வாறு அழிந்தது என்பது அவ்வேளை நினைவுக்கு வரவில்லை போலும்!

தந்தையின் ஆசை அத்துடன் அடங்கவில்லை. 1545ஆம் ஆண்டில், வட இத்தாலியில் பார்மா, பியாச்சென்சா ஆகிய இரு செல்வ நகரங்களையும் மகனுக்கு வழங்கினார். இரண்டே ஆண்டுகளில், 1547 செப்டெம்பரில், பியாச்சென்சாப் பிரபுக்கள் சதி செய்து பியர் லூயிஜியை அவன் மாளிகையிலேயே குத்திக் கொன்றனர். ஆயினும் குலம் நிலைத்தது. அவன் மக்களும் பேரர்களும் பார்மாவிலிருந்து ஆண்டனர். அவருள் ஒருவன், ஸ்பானிய மன்னனுக்காக நெதர்லாந்தில் போர் புரிந்து ஐரோப்பா எங்கும் பெயர் பெற்ற தளபதி அலெசாந்திரோ பர்னேசே.

இவ்வாறு குடும்பம் உயர உயர, காஸ்திரோ தாழ்ந்தது. தொலைவிலே குடியிருக்கும் உடையவனுக்கு ஊரிலுள்ள வயல், குத்தகைப் பணம் வரும்போது மட்டும் நினைவுக்கு வருவது போல, பார்மாவிலிருந்த கோமகன்களுக்குக் காஸ்திரோ ஒரு வருமான ஊற்றாக மட்டுமே தோன்றிற்று. வருமானத்தை உண்பதோடு நில்லாமல், அதனை ஈடு வைக்கவும் தலைப்பட்டனர்.

அந்த ஈடு எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று விளக்குவோம். உரோமாபுரியில் அக்காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பணம் வேண்டிய பிரபு, தன் நிலத்தின் வருவாயைப் பிணையாகக் காட்டிக் கடன் முறிகளை வெளியிடுவான். பணமுள்ளோர் அவற்றை வாங்குவர். ஆண்டுதோறும் நிலத்திலிருந்து வரும் பணத்தில் அவர்களுக்கு வட்டி கொடுக்கப்படும். பர்னேசே குடும்பத்தின் முறிகளுக்குக் காஸ்திரோவின் கோதுமையே பிணை. கோதுமை விற்கும்வரை வட்டி வரும். வட்டி வரும்வரை கோமகன் நல்லவன்.

1622ஆம் ஆண்டிற் பட்டத்துக்கு வந்த ஒடோவார்தோ பர்னேசே, போரில் விருப்பம் மிக்கவன். பிரான்சுடன் கூட்டுச் சேர்ந்து 1635ஆம் ஆண்டில் ஸ்பானியருக்கு எதிராகப் படை எடுத்தான். கண்ட பயன் ஏதுமில்லை. 1637இல் சமாதானம் செய்துகொண்டு, கடன் சுமையோடு வீடு திரும்பினான். அப்போது பாப்பரசராக இருந்தவர் எட்டாம் உர்பன். கலிலியோவை 1633இல் விசாரணைக்கு உட்படுத்தியதும் இவரது ஆட்சியே. இவருக்கும் குடும்பப் பாசம் குறைவில்லை. தமையனின் புதல்வர்களான பர்பெரினி சகோதரர் மூவரையும் உயர்ந்த பதவிகளில் அமர்த்தியிருந்தார். 1639ஆம் ஆண்டில் ஒடோவார்தோ உரோமாபுரிக்கு வந்தபோது, அச்சகோதரருக்கும் அவனுக்கும் இடையே மரியாதை பற்றிய பிணக்கு மூண்டது. யார் யாருக்கு முதலில் வணக்கம் செலுத்துவது, யார் யாரை வழியனுப்பச் செல்வது என்பன போன்ற அற்ப விடயங்களே அக்காலத்துப் பிரபுக்களுக்கு உயிர்நிலையாக இருந்தன. கோமகன் சினத்துடன் ஊர் திரும்பினான்.

பின்னர் விழுந்த அடி, வாளால் விழுந்ததன்று. 1641இல், காஸ்திரோவின் கோதுமை உரோமாபுரிக்கு வரலாகாது எனப் பாப்பரசரின் அரசு தடை விதித்தது. கோதுமை நின்றது, பணம் நின்றது, வட்டி நின்றது. கடன் கொடுத்தோர் முறையிட்டனர். முறையீட்டைக் கேட்ட அரசு, கடனை வசூலிப்பதாகக் கூறி அவ்வாண்டு ஒக்டோபரில் படை அனுப்பிக் காஸ்திரோவைக் கைப்பற்றிற்று. வட்டி கட்டும் வழியைத் தானே அடைத்துவிட்டு, வட்டி கட்டாத குற்றத்துக்காகப் பிணையைப் பறித்த இந்தச் செயலை அரச தந்திரம் என்பதா, வேறு பெயரால் அழைப்பதா என்பதை வாசகர் தாமே தீர்மானிக்கலாம்.

1642 சனவரியில் ஒடோவார்தோ திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டான். அவனும் சும்மா இருக்கவில்லை. அவ்வாண்டில் சுமார் 3,000 குதிரை வீரருடன் தெற்கு நோக்கிப் புறப்பட, பாப்பரசரின் படைகள் எதிர்த்து நில்லாமற் சிதறின. உரோமாபுரியில் அச்சம் பரவிற்று. பர்பெரினி குடும்பம் ஓங்குவதை விரும்பாத வெனிஸ், தொஸ்கானா, மொதேனா அரசுகளும் கோமகன் பக்கம் சேர்ந்தன. இறுதியில் 1644 மார்ச்சில் சமாதானம் ஏற்பட்டது. காஸ்திரோ அதன் கோமகனுக்கே திரும்பியது. எட்டாம் உர்பன் அவ்வாண்டு யூலையில் காலமானார். ஒடோவார்தோ 1646இல் மறைந்தான். பகைத்தவர் இருவரும் மண்ணுக்குள் போயினர். கடன் மட்டும் சாகவில்லை.

புதிய பாப்பரசர் பத்தாம் இன்னசென்ற். புதிய கோமகன் இரண்டாம் இரனூச்சியோ. பட்டத்துக்கு வந்தபோது அவனுக்குப் பதினாறு வயதும் நிரம்பவில்லை. கடன் கட்டப்படவில்லை என்ற பழைய வழக்கோடு ஒரு புதிய வழக்கும் சேர்ந்தது. காஸ்திரோவுக்குக் கிறிஸ்தோபரோ ஜார்தா என்னும் கற்றறிந்த துறவியைப் பாப்பரசர் மேற்றிராணியாராக நியமித்தார். பார்மா அரண்மனை அவரை ஏற்க மறுத்தது. 1649 மார்ச்சில், தமது பீடத்தை ஏற்கச் சென்றுகொண்டிருந்த அந்த மேற்றிராணியார், மொந்தேரோசி என்னும் ஊருக்கு அருகே வழிமறித்துக் கொல்லப்பட்டார். பழி கோமகன் மீது விழுந்தது. பாப்பரசரின் படை காஸ்திரோவை முற்றுகையிட்டது. மீட்க வந்த பார்மாப் படை, ஓகஸ்ட் மாதத்தில் பொலோஞா அருகே முறியடிக்கப்பட்டது. உதவி வாராது என அறிந்த நகர், செப்டெம்பரில் சரணடைந்தது.

சரணடைந்த நகரை இடித்துத் தரைமட்டமாக்குமாறு கட்டளை பிறந்தது. மதில்கள் வீழ்ந்தன. சங்கால்லோ வகுத்த சதுக்கமும் மாளிகையும் நாணயச் சாலையும் வீழ்ந்தன. கட்டளை பாப்பரசருடையதாயினும் கோயில்களும் தப்பவில்லை, பேராலயமும் இடிந்தது. மேற்றிராணியார் பீடம் அக்குவபெந்தெந்தே என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. குடிமக்கள் தத்தம் மூட்டைகளுடன் அயலூர்களுக்குச் சிதறினர். வெறுமையான அவ்விடத்தில் ஒரு தூண் நாட்டப்பட்டு, அதில் 'இங்கே காஸ்திரோ இருந்தது' எனப் பொறிக்கப்பட்டதாக வழிவழியே சொல்லி வருகின்றனர்.

நம் ஊர்க் கடைகளிலே 'கடன் அன்பை முறிக்கும்' என எழுதித் தொங்கவிட்டிருப்பதை வாசகர் கண்டிருப்பர். காஸ்திரோவில் அஃது ஊரையே முறித்துவிட்டது எனக் கூறி இக்கதையை முடித்துவிடலாம். ஆயினும் நமக்கு ஓர் ஐயம் உண்டு. ஈட்டுக்கு வந்த வீட்டைக் கடன் கொடுத்தவன் பூட்டுவான், விற்பான், தானே குடியேறுவான், இடிக்க மாட்டான். இடித்தவன் பணத்தை நாடியவனாக இருக்க முடியாது. கடன் என்பது காகிதத்தில் எழுதிய காரணம். மேற்றிராணியாரின் கொலைக்குப் பின் மூண்ட சினமும், பாப்பரசரின் மாநிலத்தின் நடுவே மற்றொருவன் கோட்டை இருப்பதைப் பொறாத அதிகாரமும், இரு தலைமுறையாய்த் தேங்கிய மானப் பிணக்குமே உண்மைக் காரணங்கள் என நாம் கருதுகின்றோம்.

இதில் நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. காஸ்திரோவின் தச்சனும், உழவனும், அப்பம் சுடுபவளும் எவரிடமும் படைச்செலவுக்குக் கடன் வாங்கவில்லை. அவர்கள் எந்த மேற்றிராணியாரையும் வழிமறிக்கவில்லை. கடன் பட்டவர்கள் பார்மாவில் இருந்தனர். சினங்கொண்டவர்கள் உரோமாபுரியில் இருந்தனர். வீடிழந்தவர்கள் மட்டும் காஸ்திரோவில் இருந்தனர். பர்னேசே குலமோ அதன் பின்னும் பார்மாவில் 1731ஆம் ஆண்டுவரை ஆண்டது. 1664இல், பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் நெருக்குதலால், எட்டு ஆண்டுகளுக்குள் பணத்தைக் கட்டிக் காஸ்திரோ நிலத்தை மீட்டுக்கொள்ள அக்குலத்துக்கு உரிமை வழங்கப்பட்டது. நிலம் மீளவில்லை. மீண்டிருந்தாலும், சிதறிய குடிகளை எந்த உடன்படிக்கை மீட்டிருக்கும்?

இன்று அவ்விடம் வித்தெர்போ மாகாணத்தில், இஸ்கியா தி காஸ்திரோ என்னும் சிற்றூரின் எல்லைக்குள் அடங்குகின்றது. மரங்களும் கொடிகளும் மூடிய காட்டினிடையே, சதுக்கத்தின் தளவரிசைக் கற்களும் உடைந்த தூண்களும் காணப்படுகின்றன. சங்கால்லோ அந்நகருக்காக வரைந்த படங்கள் புளோரன்ஸ் நகரின் உபீசிக் காட்சிச்சாலையில் இன்றும் உள்ளன. கோமகன் பட்டமும் அழியவில்லை. பர்னேசே வாரிசுரிமை பெற்ற பூர்போன் அரச வமிசத்தார், ஆள்வதற்கு ஒரு சாண் நிலமும் இல்லாத இக்காலத்திலும் 'காஸ்திரோவின் கோமகன்' என்னும் பட்டத்தைத் தாங்கி வருகின்றனர்.

காகிதத்தில் வரைந்த படம் தப்பிற்று. காகிதத்தில் எழுதிய பட்டம் தப்பிற்று. மனிதர் குடியிருந்த வீடுகள் தப்பவில்லை. வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் ஓர் அரசு 'தோன்றியது', 'மறைந்தது' என இரு சொற்களை வாசிக்கும் மாணவர்கள், அவ்விரு சொற்களுக்கும் இடையே எத்தனை அடுப்புகள் எரிந்து அணைந்தன என்பதையும் ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாயின், இந்த வாரம் நாம் எழுதியதற்குப் பயன் கிட்டியதாகக் கொள்வோம்.