சாயங்காலம் கிரவுண்டு யாருக்கு?

நெய்வேலில வளர்ந்தவங்களுக்குத் தெரியும், நம்ம டவுன்ஷிப்ல கிரவுண்டுக்குப் பஞ்சமே இல்லை. பாரதி ஸ்டேடியம் இருக்கு, ஸ்கூல் மைதானங்கள் இருக்கு, பிளாக்குக்குப் பிளாக் காலி இடம் இருக்கு. ஒரு நாள் சாயங்காலம் சைக்கிள்ல ஒரு சுத்து போயிட்டு வாங்க. கிரிக்கெட், ஃபுட்பால், வாலிபால் எல்லாம் நடக்கும். அதுல பொண்ணுங்க எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க. ஒரு கை விரலே மிச்சம்.

கேட்டா, "அவங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல மச்சி" என்பதுதான் பதில். பஸ்ல ஒரு மணி நேரம் போனா வர்ற கடலூர், இந்தப் பதில் பொய்னு எப்பவோ காட்டிடுச்சு.

2004 சுனாமி கடலூரைப் புரட்டிப் போட்டது. அதுல வீட்டையும் பெத்தவங்களையும் இழந்த பொண்ணுங்களுக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் ஃபுட்பால் சொல்லிக் கொடுத்தார். அவர் வளர்த்த கடலூர் ஃபுட்பாலில் இருந்து இந்திய அணி வரைக்கும் போனவங்கதான் இந்துமதி கதிரேசன், நடுக்கள ஆட்டக்காரர்.

2018 பிப்ரவரியில் கட்டாக்கில், மணிப்பூரை 2-1 என்று தோற்கடிச்சு தமிழ்நாடு பெண்கள் தேசிய சாம்பியன் ஆனாங்க. அந்த அணியில் இந்துமதி இருந்தாங்க. 2019 மார்ச்சில் நேபாளத்தில் தெற்காசிய சாம்பியன் ஆன இந்திய அணியிலும் இருந்தாங்க. அதே வருஷம் மதுரை சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை ஜெயிச்சப்பவும் அவங்க அந்த டீம்தான்.

அடுத்த வருஷம் கொரோனா. ஆட்டம் எல்லாம் நின்னு போச்சு. நாம வீட்டுக்குள்ள ஆன்லைன் கிளாஸ்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டு இருந்தோம். தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டரான இந்துமதி, சென்னை ரோட்டுல லாக்டவுன் டியூட்டி பார்த்துட்டு இருந்தாங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். சேவைன்னா என்.எஸ்.எஸ். கேம்ப், நாலு போட்டோ, ஒரு சர்டிபிகேட்னு நமக்குப் பழகிடுச்சு. விளையாட்டுன்னா படிப்பைக் கெடுக்கிற டைம்பாஸ். ஆனா மழை வெயில் பார்க்காம தினமும் வந்து நிக்கிறதும், களைச்சுப் போனாலும் டீமை விட்டுட்டுப் போகாததும் கிரவுண்டுல கத்துக்கிற பழக்கம். ரோட்டுல டியூட்டி பார்க்கவும் அதேதான் வேணும். கிரவுண்டை விட்டு ஒரு பொண்ணை விலக்கி வைக்கும்போது ஒரு கோலை மட்டும் நாம இழக்கலை.

"இருட்டினா வீட்டுல விட மாட்டாங்க" என்பது நியாயமான கவலை. அதுக்குத் தீர்வு வீட்டுலயே உட்கார வைக்கிறது இல்லை. வாரத்துல மூணு நாள், சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை, பிளாக்குக்கு ஒரு கிரவுண்டு பொண்ணுங்களுக்கு மட்டும். வெளிச்சம் இருக்கும்போதே முடிஞ்சிடும். கூட நிக்க ஒரு பி.இ.டி. டீச்சரோ, ஆடத் தெரிஞ்ச சீனியர் அக்காவோ போதும். புது ஸ்டேடியம் எல்லாம் கட்ட வேண்டாம்.

பசங்களே, அந்த ஒன்றரை மணி நேரம் நாம பந்தை எடுத்துட்டு ஓரமா உட்காரணும், அவ்வளவுதான். நான் இந்த மே மாசத்தோட காலேஜை விட்டுப் போறேன். ஜூனியர்ஸ், உங்க பிளாக்குல முதல்ல கேட்கப் போறது யாரு?