மரை கழன்றது யாருக்கு?

ஒருவரைக் கிண்டல் செய்ய "அவனுக்கு மரை கழண்டுடுச்சு" என்பது தமிழர் வழக்கம். காரைக்காலில் புதிதாகக் கட்டி இரண்டு மூன்று மழைக்காலம் பார்த்த வீடு ஏதாவது ஒன்றில் போய்க் கதவைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள். பல வீடுகளில் நிஜமாகவே மரை கழன்றிருக்கும். மேல் கீல் நிலையை விட்டு விலகி நிற்கும். கதவு தரையை உரசும். தாழ்ப்பாள் போட ஒரு கையால் கதவைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் தள்ள வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "கடல் காத்து தம்பி, இந்த ஊர்ல எதுவும் நிக்காது."

கடல் காற்றின் மேல் பழி போடுவது சுலபம். அது வந்து மறுத்துப் பேசாது :-)

முதல் குற்றவாளி காற்று இல்லை, சுத்தியல். கதவு மாட்டும் நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்க்ரூவை ஆணி மாதிரி முக்கால் பாகம் அடித்து இறக்குவார்கள். கடைசி இரண்டு சுற்று மட்டும் திருப்புளியால், அதுவும் ஒப்புக்கு. "ஸ்க்ரூ அடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விடுவார்கள். பேச்சிலேயே 'அடி' வந்துவிட்டது. இத்தனைக்கும் அதன் தமிழ்ப் பெயர் திருகாணி. எப்படி மாட்ட வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

காதில் போடும் தோட்டுக்கும் திருகாணிதான். மரை மாறி ஏறினால் உடனே கழற்றி, மறுபடி மெதுவாகத் திருகுவார்கள். தொலைந்தால் வீடே தலைகீழாகும். இரண்டு கிராம் தோட்டுக்கு இவ்வளவு கவனம். முப்பது நாற்பது கிலோ கதவுக்குச் சுத்தியல்!

சரி, அடித்தால் என்னதான் ஆகும்? ஸ்க்ரூ மரத்தைப் பிடிப்பது அதன் தடிமனால் அல்ல, மரையால். மரையின் விளிம்பு மரநாருக்குள் வெட்டிப் போய் உட்கார்ந்து, இரண்டு மரைக்கு நடுவில் நார் முழுசாக நின்றால்தான் பிடிப்பு. அடிக்கும்போது மரை அந்த நார்களைக் கிழித்துக்கொண்டே இறங்குகிறது. கடைசியில் ஓட்டை மரையின் முழு அகலத்துக்கு ஆகிவிடும். பிறகு திருப்புளி எவ்வளவு திருகினாலும் ஸ்க்ரூ சும்மா சுற்றும். அதற்கு ஆணியே மேல். ஆணியின் வழவழப்பான உடம்பையாவது நார்கள் நெருக்கிப் பிடிக்கும்.

அதற்கு மேல் கதவின் எடை. தொங்கும் கதவு மேல் கீலை வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை உள்ளே தள்ளுகிறது. அதனால்தான் எப்போதும் மேல் கீல்தான் முதலில் கழலும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறி உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கும். கிழிந்த நாருக்குள் ஈரமும் உப்பும் இறங்கினால் இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கறுத்து இற்றுப்போக வைக்கும். கடல் காற்று இந்தக் கதையில் வருவது இரண்டாம் பாதியில்தான். அதற்குக் கதவைத் திறந்துவிட்டது சுத்தியல்.

"தாத்தா காலத்துலேர்ந்து இப்படித்தானே செய்றாங்க?" என்று ஒரு கேள்வி வரும். இல்லை. தாத்தா காலத்துக் கனத்த கதவுகள் பலவற்றில் கீலே கிடையாது. கதவோடு சேர்ந்த மரக் குடுமி, நிலையில் இருந்த குழியில் சுழன்றது. எடையைத் தாங்கியது மரம், நாலு ஸ்க்ரூ இல்லை. அந்தக் காலத்து ஆசாரியின் பையில் துறப்பணம் இருந்தது. கயிற்றை இழுத்து இழுத்துக் கையால் ஓட்டை போட்டார். இன்று பையில் டிரில் மெஷின் இருக்கிறது. ஓட்டை போட மட்டும் நேரமில்லை!

காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி பக்கம் போய் மீனவர்களைக் கேளுங்கள். கட்டுமரம் என்ற பெயரே மரங்களைக் கயிற்றால் கட்டியதால் வந்தது. இன்றைய ஃபைபர் படகில் எஞ்சின் நிற்பது, பின்பலகையை ஊடுருவிப் போய் மறுபுறம் வாஷரும் நட்டும் போட்ட போல்ட்டின் பிடியில். அலையில் போகிறவனுக்கு எது கழன்றால் என்ன ஆகும் என்று தெரியும்.

உலகத்தின் மறுமுனையிலும் இதே கதைதான். பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பிடிக்கும் கவ்வியைச் சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள்தான் தாங்குகின்றன. பலகையின் தடிமனே குறைவு. அதற்கென்று ஆழம் தாண்டாமல் தடுக்கும் விளிம்பு வைத்த தனி பிட் இருக்கிறது. உள்ளே வெறும் மரம் என்றால் பொதுவாக 3.6 மில்லிமீட்டர், உலோகத் தகடு இருந்தால் 4.1 மில்லிமீட்டர். தண்ணீர் இறங்காமல் ஓட்டைக்குள் ஒரு சொட்டு பசை. கடைசிச் சுற்று கையால், அளவோடு. மலைச்சரிவில் அது பிடுங்கிக்கொண்டால் ஆள் காலி என்பதால் அங்கே யாரும் சுத்தியலை எடுப்பதில்லை. காரைக்காலில் கதவுக்குக் கீழே தவழ்வது குழந்தை என்பது மட்டும் ஏன் யாருக்கும் உறைக்கவில்லை?

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கதவுக்கு மூன்று கீல், கீலுக்கு எட்டு ஸ்க்ரூ, ஆக 24. ஓட்டைக்கு அரை நிமிடம் வைத்தால் மொத்தம் 12 நிமிடம். இந்த 12 நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை கூத்து. பிறகு கதவை இழைக்க ஒரு கூலி, கீலை மாற்ற ஒரு கூலி, தீக்குச்சி செருகி ஒப்பேற்ற ஒரு கூலி. கணக்குப் புத்தகத்தில் இதைத் தேய்மானம் என்று எழுத முடியாது. முதல் நாளே வந்த நஷ்டம் இது.

பழியை முழுக்க ஆசாரி தலையில் கட்டுவதும் நியாயமில்லை. கதவுக்கு இவ்வளவு என்று பேசி, அதிலும் பேரம் அடித்து, "இன்னிக்கே முடிங்கண்ணே, நாளைக்குப் பால் காய்ச்சணும்" என்று நெருக்குவது யார்? லட்சக்கணக்கில் தேக்கு வாங்கிவிட்டு, இருப்பதிலேயே விலை குறைந்த ஸ்க்ரூவை டப்பாவோடு வாங்கி வருவது யார்? கைக்கு நேரம் கொடுக்காதவர் வேலையில் குறை சொல்லக்கூடாது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. ஸ்க்ரூவில் மரையை நீக்கினால் மிஞ்சும் நடுத்தண்டின் அளவுக்கு ஓட்டை. இளகின மரம் என்றால் அதைவிடக் கொஞ்சம் சிறிசு. மரையில் துளி மெழுகு. இறுகியதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் முடுக்கினால் அதுவும் நாரை அறுக்கும். கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், முடிந்தால் 316 ரகம். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்பக்கூடாது. மட்டமான 202 ரகத்திலும் ஒட்டாது. பழைய ஓட்டை பெரிதாகிவிட்டால் தீக்குச்சி வேண்டாம். அதை ஒழுங்காகத் துளைத்து, கெட்டி மரக் குச்சியைப் பசை போட்டு இறக்கி, காய்ந்த பிறகு புதிதாக ஓட்டை போட்டு, முன்னைவிட நீளமான ஸ்க்ரூவைத் திருக வேண்டும்.

அடுத்த முறை கதவு மாட்ட ஆள் வரும்போது, கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் "பிட் கொண்டு வந்திருக்கீங்களாண்ணே?" என்று கேளுங்கள். கூட ஐம்பதோ நூறோ கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். அதையும் மிச்சம் பிடித்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்துக் கதவைத் தூக்கிப் பிடித்தபடி கடல் காற்றைத் திட்டுகிறவரைப் பார்த்தால், மரை கழன்றது கீலுக்கா அவருக்கா என்ற சந்தேகம் வரத்தான் செய்யும்.