‘தகவலாளி’ என்னும் சொல்லைக் கைவிடுவோம்

பழங்குடிகளின் தாவர அறிவைப் பற்றிய ஆய்வேடுகளில் ஓர் அட்டவணை தவறாமல் இடம்பெறுகிறது: தாவரத்தின் பெயர், பயன்படும் உறுப்பு, தீரும் நோய். அந்த அறிவைத் தந்தவர்களோ ‘தகவலாளிகள்’ என்ற ஒற்றைச் சொல்லுடன் நன்றியுரையில் முடிந்துபோகிறார்கள். அறிவு அவர்களுடையது, பட்டம் நம்முடையது. இதை முறையியல் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். நாகரிகமான பெயர் சூட்டப்பட்ட அபகரிப்பு என்றே நான் சொல்வேன். சான்றாகத் தென் கலிபோர்னியாவின் கவீயா மக்களை எடுத்துக்கொள்கிறேன். இத்துறையின் தொடக்ககால ஆய்வேடுகளுள் ஒன்று அவர்களைப் பற்றியது.

டேவிட் பிரெஸ்காட் பாரோஸ் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு அளித்த அந்த ஆய்வேடு 1900-இல் நூலாயிற்று. குடியேறிகள் வெறும் பாலை என்று கண்ட நிலத்தில் 60-க்குக் குறையாத உணவுப் பொருள்களையும் 28 மருந்து, போதைப் பொருள்களையும் அவர் கணக்கிட்டார். அதன் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நூல் யாரை உயர்த்தியது? அமெரிக்க ஆட்சியின் கீழிருந்த பிலிப்பைன்ஸில் கிறித்தவரல்லாத பழங்குடிகளுக்கான துறையின் தலைவராகவும், பின்னர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் பாரோஸ் உயர்ந்தார். அவருடைய இனவாத எழுத்துகளைக் காரணம் காட்டி 2020-இல் பெர்க்லி வளாகம் ஒரு கட்டடத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது. நூலுக்குப் பொருளான மக்களோ நூலின் ஆசிரியர்களாக எங்கும் இல்லை.

1972-இல் ‘டெமல்பாக்’ வெளியானது. கவீயா மொழியில் அதற்கு ‘மண்ணிலிருந்து’ என்று பொருள். மானிடவியலாளர் லோவெல் ஜான் பீனோடு இணையாசிரியராக அட்டையில் இடம்பெற்றவர் காத்தரின் சிவா சௌபெல். அவர் கவீயா பெண். தம் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசித் தலைமுறையினருள் ஒருவர். வெளியிட்டதும் பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்தில் அம்மக்களே நிறுவிய மல்கி அருங்காட்சியகத்தின் பதிப்பகம்தான். நிறுவியவர்களுள் சௌபெலும் ஒருவர்.

ஆசிரியர் மாறினால் அறிவியலும் மாறுகிறது. அட்டவணையில் மெஸ்கீட் என்ற பெயருக்கு எதிரே ‘காய், உணவு’ என்று இரண்டு சொற்கள் போதும். நம்மூரில் வெட்டி ஒழிக்கச் சொல்லும் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவான அம்மரத்தின் காய்களைக் கவீயா மக்கள் மர உரலிலிட்டு நீண்ட கல் உலக்கையால் இடித்து, மாவை அடைகளாக்கிச் சேமித்தனர். ஓக் மரக் கொட்டைகளை இடித்து, தண்ணீரை மீண்டும் மீண்டும் ஊற்றித் துவர்ப்பை நீக்கி, ‘வீவிஷ்’ என்னும் கூழாகக் காய்ச்சினர். இந்தத் தோப்புகள் குறிப்பிட்ட குலங்களுக்கு உரியவை. முதல் விளைச்சலுக்குரிய சடங்கு ‘நெட்’ எனப்படும் தலைவரின் பொறுப்பில் முடிந்த பிறகே எவரும் பறிக்கலாம். விசிறிப் பனைத் தோப்புகளில் காய்ந்த ஓலைகளுக்குத் திட்டமிட்டுத் தீயிட்டு, பூச்சியை அழித்து விளைச்சலைப் பெருக்கினர். வேதியியல், சொத்துரிமை, அறுவடை ஒழுங்கு, தோப்புப் பராமரிப்பு ஆகியவை இங்கே ஒன்றாக இருக்கின்றன. இவர்களைத்தான் ‘இயற்கை தந்ததைப் பொறுக்கி உண்டவர்கள்’ என்று பாடநூல்கள் எழுதின.

ஒரு மறுப்பு எழும்: தகவல் தருவோரின் பாதுகாப்புக்காகவே பெயரை மறைக்கிறோம் என்பார்கள். பெயரை மறைக்கும் உரிமை பெயருக்கு உடையவருடையது. ‘உங்கள் பெயரை ஆசிரியராக இடலாமா?’ என்ற கேள்வியைக் கேட்காமலேயே அதற்கு ‘வேண்டாம்’ என்ற விடையை நாமே எழுதிக்கொள்கிறோம். சௌபெல் போன்றோருக்குத் தம் பெயரில் எழுத வாய்ப்பிருந்தபோது அவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை.

அட்டவணை மறைப்பது பெயரை மட்டுமன்று. நிலத்தையும் நீரையும் மறைக்கிறது. 1851, 1852 ஆண்டுகளில் கலிபோர்னியப் பழங்குடிகளோடு செய்துகொண்ட 18 ஒப்பந்தங்களை அமெரிக்க மேலவை நிராகரித்து, 1905 வரை மறைத்து வைத்தது. கவீயா தலைவர்கள் ஒப்பமிட்ட உடன்படிக்கையும் அவற்றுள் ஒன்று. பின்னர் ஒதுக்கப்பட்ட நிலமும் பாம் ஸ்பிரிங்ஸ் பகுதியில் இரயில் நிறுவனத்தின் மனைகளோடு சதுரங்கக் கட்டங்களாகத் துண்டாடப்பட்டது. படிகளோடு கிணறு தோண்டி வாழ்ந்த மக்களின் பள்ளத்தாக்கில் இன்று 100-க்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. மெஸ்கீட் நிலத்தடி நீரை நம்பி நிற்கும் மரம். நீர்மட்டம் இறங்கினால் அதுவும் அதைப் பற்றிய அறிவும் சேர்ந்தே பட்டுப்போகும். அகுவா காலியெண்டே கவீயா மக்கள் 2013-இல் வழக்குத் தொடுத்தனர். நிலம் ஒதுக்கப்பட்டபோதே நிலத்தடி நீருக்கான உரிமையும் ஒதுக்கப்பட்டுவிட்டது என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாவர அறிவைப் பேசும் ஆய்வேடு இந்த வழக்கைப் பேசாதென்றால், அது எதைப் பேசுகிறது?

ஆகவே நெறியாளர்களிடமும் மாணவர்களிடமும் என் கோரிக்கை இது. அறிவைத் தந்தவர் இசைந்தால் அவர் பெயர் முகப்புப் பக்கத்தில் வரட்டும். ஆய்வின் முடிவு வாய்மொழித் தேர்வுக்கு முன்பே அவர்கள் மொழியில் அவர்கள் முன் வாசிக்கப்படட்டும். அந்தத் தாவரம் நிற்கும் நிலம் யாருடையது, அதன் நீரை யார் எடுக்கிறார்கள் என்பதற்கு ஓர் இயல் ஒதுக்கப்படட்டும். இவற்றுக்கு இணங்காத ஆய்வேட்டுக்குப் பட்டம் வழங்கப் பல்கலைக்கழகங்கள் மறுக்க வேண்டும்.