காற்று ஓய்ந்த மறுநாள் தண்ணீருக்கு என்ன வழி?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும், இல்லாவிட்டால் இன்றோ நாளையோ என்றிருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐப்பசி பிறந்தால் இரண்டு கேள்விகள் எழும். இந்த ஆண்டாவது கண்மாய் நிறையுமா என்பது ஒன்று. கடலில் ஏதாவது புயல் சின்னம் உருவாகியிருக்கிறதா என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கேள்வியை முன்பெல்லாம் கடலோர மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம்தான் கேட்பார்கள். இப்போது கறம்பக்குடியிலும் ஆலங்குடியிலும் கேட்கிறார்கள். கஜா புயல் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன கேள்வி அது.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. அதற்குள் கரையோர மாவட்டங்களில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். அந்த முன்னேற்பாட்டை அன்றைக்கு எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலினே பாராட்டினார். பாராட்டத்தக்க வேலைதான், எத்தனையோ உயிர்கள் அதனால் தப்பின.

ஆனால் கரையேறிய பிறகும் காற்றின் வேகம் அடங்கவில்லை. திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களைக் கடந்து புதுக்கோட்டைக்குள் நுழைந்தது. கந்தர்வகோட்டை, கறம்பக்குடி, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று கடலே கண்ணில் படாத ஊர்களை அடித்துப் போட்டுவிட்டு, திண்டுக்கல் வழியாகக் கேரளம் போய்ச் சேர்ந்தது. "புயல்னா அது கடக்கரைக்காரங்க பாடு" என்று படுத்திருந்த ஊர்கள் இவை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1952 நவம்பர் 30-லும் 1977 நவம்பர் 12-லும் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல்களும் உள்நாட்டுக்குள் வந்தவைதான். ஆனால் 1977-க்கும் 2018-க்கும் இடையே நாற்பத்தோரு ஆண்டுகள். பார்த்தவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள், பலர் இல்லை. ஓர் ஊர் ஒரு புயலை மறக்க அவ்வளவு காலம் போதும்.

மரங்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. தாத்தா வைத்த பலா, அப்பா வைத்த தென்னை, தான் வைத்த வாழை மூன்றும் ஒரே இரவில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்த குடும்பங்கள் ஆலங்குடி வட்டாரத்தில் ஏராளம். தென்னை ஒன்றுக்கு அரசு 1,100 ரூபாய் கொடுத்தது. அதில் 500 ரூபாய் வெட்டி அப்புறப்படுத்துவதற்கு. காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் பிடிக்கும் மரத்துக்கு அந்தத் தொகை எந்த மூலைக்கு? இந்தப் பக்கத்தில் நான் பேச நினைப்பது, மரம் விழுந்ததைவிடக் குறைவாகப் பேசப்பட்ட வேறொன்று. தண்ணீர்.

கீரமங்கலம், வடகாடு பக்கம் கிணறுகள் வற்றிப் பல வருடங்களாகின்றன. குடிக்க, குளிக்க, பாசனத்துக்கு, மாட்டுக்கு எல்லாமே ஆழ்துளைக் கிணறுதான். பல நூறு அடிக்குக் கீழே நீர்மூழ்கி மோட்டார் தொங்குகிறது. அடிபம்பு அடித்தால் காற்றுதான் வரும். தமிழ்நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைக் கஜா சாய்த்தது. கரண்ட் போன மறுநாள் மேல்நிலைத் தொட்டி காலி. சுற்றிலும் மழைநீர் தேங்கிக் கிடக்க, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. சாலைகளின் குறுக்கே மரங்கள் கிடந்ததால் லாரித் தண்ணீரும் வரவில்லை. புயலுக்குப் பிந்தைய ஓரிரு நாளில் கொத்தமங்கலத்தில் மறியல் மூண்டு அரசு வாகனங்கள் எரிந்தன. எரித்ததை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் தவித்த வாயும் ஆள் வராத தெருவும் மனிதர்களை எந்த அளவுக்குத் தள்ளும் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மின்வாரியத் தொழிலாளர்கள் பிற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்து இறங்கினார்கள். வயல் சேற்றில் வண்டி போகாத இடங்களில் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஊர்க்காரர்கள் கூடச் சேர்ந்து தோள் கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்தில் படுக்க இடம் கொடுத்துச் சோறும் போட்டார்கள். அப்படியும் எல்லா ஊர்களுக்கும் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. அதுவரைக்கும் ஊருக்கு ஊர் வாடகை ஜெனரேட்டர்தான். ஒரு தொட்டி நிரப்ப இவ்வளவு என்று பேசி, வீட்டுக்கு வீடு வசூல் செய்து, மணிக்கணக்கில் காத்திருந்து நிரப்பினார்கள்.

அந்த ஜெனரேட்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முன்னேற்பாடு என்ற பெரிய சொல் தரையில் என்னவாக இருக்கிறது என்பது அதில் தெரியும். நீர்மூழ்கி மோட்டார் கிளம்பும் நேரத்தில் வழக்கத்தைப்போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ஆகவே மோட்டாரின் குதிரைத்திறனுக்குச் சரியாக ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்தால் அது திணறி நின்றுவிடும். அதைவிடப் பெரியது வேண்டும். மும்முனை இணைப்பில் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், தண்ணீர் ஒழுங்காக ஏறாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, மோட்டார் அறையில் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். அது இல்லாமல் நேரடியாக இணைத்தால் ஜெனரேட்டர் மின்சாரம் வெளியே கம்பியில் பாயலாம். கம்பத்தில் ஏறி நமக்காக வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் உயிர் போகலாம். அந்தச் சுவிட்சை வெயில் காலத்தில் ஓர் எலெக்ட்ரீஷியனை வைத்து மாட்டிவிட்டால், புயலுக்கு மறுநாள் ஜெனரேட்டர் வந்து நின்ற சில நிமிடங்களில் தண்ணீர் ஏறும். புதுக்கோட்டையில் நூற்றுக்கணக்கான ஊராட்சிகள் இருக்கின்றன. எத்தனை மோட்டார் அறைகளில் அந்தச் சுவிட்ச் இருக்கிறது என்று பாருங்கள். முதலில் உங்கள் ஊரில்.

கரண்டே இல்லாமல் கிடைக்கும் தண்ணீரையும் யோசிக்க வேண்டும். இது ஆறுகளை நம்பாமல் கண்மாய்களை நம்பி வாழ்ந்த மண். ஆயிரக்கணக்கான கண்மாய்களும் குளங்களும் இங்கே உண்டு. ஆடு மாடு இறங்காமல் காவல் வைத்துக் காத்த குடிநீர் ஊருணிகளும் உண்டு. கஜாவுக்கு அடுத்த வருடமே கீரமங்கலம், கொத்தமங்கலம் வட்டாரத்து இளைஞர்கள் கைக்காசு போட்டு, வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்களிடம் உதவி வாங்கி, குளங்களையும் வரத்து வாய்க்கால்களையும் தூர்வார இறங்கினார்கள். அதை விவசாய வேலை என்று மட்டும் பார்க்காதீர்கள். நிலத்தடி நீர் மேலே வந்து ஓர் அடிபம்பு மறுபடி தண்ணீர் தந்தால், அடுத்த புயலில் அந்தத் தெரு தப்பிக்கும். என் கணக்கில் இந்த மாவட்டத்தில் நடந்திருக்கும் மிகச் சிறந்த பேரிடர் தயாரிப்பு அந்த இளைஞர்கள் செய்ததுதான்.

முன்னேற்பாடு உயிர்களை எப்படிக் காக்கும் என்பதற்கு வங்கதேசத்தை இங்கே சொல்ல வேண்டும். 1970 நவம்பர் புயலில் அங்கே மாண்டவர்கள் பல லட்சம். அதற்குப் பிறகு 1972-ல் ஊர் ஊராகத் தொண்டர்களைச் சேர்த்தார்கள். கையில் மெகாபோன், சைரன், கொடி. யார் வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது, கிழவியைத் தூக்கிப் போவது யார் என்பது வரை முன்பே முடிவாகியிருக்கும். 2007-ல் சிடர் புயல் மிகக் கடுமையாக வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய துயரம்தான், ஆனால் லட்சங்கள் ஆயிரங்களாகக் குறைந்திருக்கின்றன.

நமக்கும் ஏற்பாடு இல்லாமல் இல்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையம் இருக்கிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. ஊர்களுக்கு முதல்நிலை மீட்பாளர்கள் என்று பட்டியலும் போடுகிறார்கள். உங்கள் ஊர்ப் பட்டியலில் இருப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா? அவருக்கே தான் அதில் இருப்பது தெரியுமா? பட்டியல் கிராம நிர்வாக அலுவலரின் கோப்பில் இருப்பது போதாது. ரேஷன் கடைச் சுவரில் இருக்க வேண்டும். அதன் பக்கத்திலேயே இன்னும் சில விவரங்கள்: மரம் அறுக்கும் மிஷின் யாரிடம் இருக்கிறது, ஜே.சி.பி. யாருடையது, பிரசவ நாள் நெருங்கிய பெண்கள் யார், டயாலிசிஸுக்குப் போகிறவர் யார், ஓட்டு வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார், அவர்களை எந்தக் கட்டடத்துக்கு யார் கூட்டிப்போவது. தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எச்சரிக்கை வந்ததும் முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கி, அடி ஓலைகளைக் கழித்துவிட்டால் தலைப்பாரம் குறையும் என்று வேளாண் துறையே சொல்கிறது.

மின்னலையும் மறந்துவிடக் கூடாது. புயல் எப்போதோ வருகிறது, இடி மின்னல் வருடந்தோறும் வருகிறது. நடவிலும் கடலைக் கொல்லையிலும் வேலை பார்க்கும் பெண்கள் மழைக்கு மரத்தடியில் ஒதுங்குகிறார்கள். இடி நேரத்தில் ஒதுங்கவே கூடாத இடம் அது. மின்னலை முன்கூட்டிச் சொல்லும் 'தாமினி' செயலியை வேலைக்கு ஆள் கூட்டிப்போகிறவர் ஒருவர் போனில் வைத்திருந்தாலும் போதும். இடி கேட்டதும் ஆட்களைக் கட்டடத்துக்குள் அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு. அதற்காகக் கூலியைப் பிடிக்கக் கூடாது.

நவம்பர் 1, உள்ளாட்சி நாள். அன்றைக்குக் கிராம சபை கூடும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச், ஜெனரேட்டருக்கு முன்கூட்டியே பேசி வைத்த வாடகை, ஊருணிக் கரை, சுவரில் எழுத வேண்டிய பட்டியல் ஆகிய நான்கையும் தீர்மானமாகக் கேளுங்கள். பெண்கள் கேட்டால் இன்னும் நல்லது. கஜாவுக்குப் பிறகு பத்து நாள் குடத்தோடு அலைந்தவர்கள் அவர்கள்தான். நிறைவேறிய தீர்மானத்தின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கென இரண்டு பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். தீர்மானம் தள்ளிப்போனால் என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள், அதையும் அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்