திரைக்கு ஒரு கயிறு



ஜன்னலுக்குத் திரை போடுவது என்று தீர்மானித்ததும் நாம் முதலில் போவது ஜவுளிக் கடைக்குத்தான். பூப் போட்டதா, கோடு போட்டதா, சுவரின் வர்ணத்துக்கு இசையுமா என்று அரைநாள் ஆராய்ச்சி நடக்கும். அந்தத் திரை எதில் தொங்கப் போகிறது என்பதைப் பற்றி மட்டும் யாருக்கும் கவலை கிடையாது. "ஏதாவது ஒன்று வாங்கி வாருங்களேன்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுகிறோம். அவரும் ஏதாவது ஒன்றை வாங்கி வந்துவிடுகிறார்! சில மாதங்களில் கம்பி நடுவில் தொய்கிறது. திரை பாதி வழியில் நின்றுவிடுகிறது. இழுத்த இழுப்பில் துணியின் ஓரம் கிழிகிறது. கைபட்ட இடம் அழுக்கேறுகிறது.

ஆகவே இந்த வாரம் துணியை விட்டுவிட்டு, அதை நகர்த்தும் சாமான்களைப் பற்றிப் பேசலாம். முக்கியமாக, கயிற்றை இழுத்துத் திறந்து மூடும் திரையைப் பற்றி.

எந்த ஜன்னலுக்கு வேண்டும்?

எல்லா ஜன்னலுக்கும் கயிறு தேவையில்லை. சமையலறையின் அரைத்திரைக்கு இரு கொக்கிகளுக்கு நடுவே மாட்டும் ஸ்பிரிங் கம்பியே போதும். மெல்லிய பருத்தித் துணியும் நாலடி ஜன்னலுமாக இருந்தால், வளையம் கோத்த ராடு ஒன்று போதும். ஆனால் ஜன்னலுக்கு முன்னால் மேஜையோ சோபாவோ கிடந்து எட்டிப் பிடிக்க முடியாமல் இருந்தாலும், துணி கனமானதாக இருந்தாலும், கையைத் தூக்கச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தாலும் கயிறு மிகவும் சௌகரியம். துணியில் கை படாததால் அடிக்கடி துவைக்கும் வேலையும் குறையும்.

இதன் சூட்சுமம் பெரிதல்ல. மேலே 'டிராக்' என்ற தண்டவாளம். அதற்குள் ஓடும் சிறு 'ரன்னர்'களில் திரை தொங்குகிறது. இரண்டு பாதித் திரைகளுக்கும் தலைமை ரன்னர் ஆளுக்கொன்று. ஒரே கயிறு இரு கோடியிலும் உள்ள கப்பிகளைச் சுற்றி வருகிறது. போகும் கயிற்றில் ஒரு தலைவர், வரும் கயிற்றில் இன்னொரு தலைவர். இரட்டை வாளிக் கிணற்றில் ஒரு வாளி ஏறும்போது மற்றது இறங்குகிறதல்லவா? அதேபோல ஒன்று இடப்புறம் போனால் மற்றது வலப்புறம் போகும்.

கடையில் என்ன பார்ப்பது?

முதலில் துணியை வாங்கிவிடுங்கள். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு டிராக் வாங்கப் போங்கள். துணியின் பாரத்தைப் பார்த்துத்தான் டிராக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'எத்தனை கிலோ தாங்கும்?' என்று கூசாமல் கேளுங்கள். ரன்னரைத் தள்ளிப் பாருங்கள். சிக்காமல் ஓட வேண்டும். கப்பியை விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் வேண்டாம். கடற்கரை ஊர்க்காரர்கள் அலுமினிய டிராக்கும் துருப்பிடிக்காத திருகாணியும் கேட்டு வாங்குவது நல்லது.

தலைமை ரன்னர்களில் ஒன்றுக்குச் சற்று நீண்ட கை இருக்கிறதா என்று கவனியுங்கள். அது இருந்தால்தான் இரு திரைகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடும். இல்லாவிட்டால் நடுவில் இடைவெளி விழுந்து, தெருவில் போகிறவர்களுக்கு நம் கூடம் காட்சிசாலை ஆகிவிடும்!

டிராக் ஜன்னலைவிட இருபுறமும் ஆறு முதல் ஒன்பது அங்குலம் நீண்டிருக்கட்டும். அப்போதுதான் திறந்த திரை சுவர்ப்பக்கம் ஒதுங்கி, காற்றும் வெளிச்சமும் தடையின்றி வரும். கதவு உட்புறமாகத் திறக்கும் ஜன்னலானால், அது திரையில் இடிக்காத உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

கயிற்றுக்குக் கணக்கு சுலபம். டிராக்கின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு, டிராக்கிலிருந்து கயிறு கீழே தொங்கும் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு, முடிச்சுக்குக் கொஞ்சம். ஏழடி டிராக்கும் நாலடித் தொங்கலும் என்றால் 22 அடியும் முடிச்சுக்கு ஓர் அடியும். பின்னிய பாலியெஸ்டர் கயிறு நல்லது. பருத்திக் கயிறு நாளடைவில் நீண்டு, உராய்ந்து நைந்துவிடும்.

பொருத்தும்போது ஆணி அடித்து ஒப்பேற்ற விடாதீர்கள். ஜன்னலுக்கு மேலே பெரும்பாலும் கான்கிரீட் லிண்டல் இருக்கும். ஆணி வளையுமே தவிர இறங்காது. துளை போட்டு, பிளக் செருகி, திருகாணி முடுக்க வேண்டும். வெறும் பூச்சு மட்டும் பிடித்திருந்தால் ஒருநாள் திரை, டிராக், சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து கீழே வந்துவிடும். நீளமான டிராக்குக்கு இரண்டு, மூன்று அடிக்கு ஒரு பிராக்கெட் அவசியம்.

எல்லாவற்றிலும் முக்கியம்

இனிச் சொல்வதை மட்டும் தயவு செய்து மறக்க வேண்டாம். கீழே தளர்வாகத் தொங்கும் கயிற்று வளையம் குழந்தைகளுக்குச் சுருக்குக் கயிறு. தவழ்ந்து எழுந்து நிற்கும் பருவத்துக் குழந்தை அதில் தலையை நுழைத்துவிட்டுக் கால் தடுக்கினால் போதும். கழுத்து இறுகிவிட்டால் அழக்கூடக் குரல் எழும்பாது; அடுத்த அறையில் இருக்கும் தாய்க்குத் தெரியாமல் சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடும். பல நாடுகளில் இப்படிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் ஆஸ்திரேலியாவில், தரையிலிருந்து 1.6 மீட்டருக்குக் கீழே நீளமான தளர்ந்த வளையம் தொங்கக் கூடாது என்று விதி செய்திருக்கிறார்கள். அதாவது, சுமார் ஐந்தேகால் அடி.

இதற்குப் பரிகாரம் கடையிலேயே இருக்கிறது. வளையத்தின் அடிப்பகுதியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கப்பி ஒன்று கிடைக்கும். அதைத் திருகாணியால் சுவரில் முடுக்கிவிட்டால் கயிறு விறைப்பாக நிற்கும். குழந்தையின் தலை நுழைய இடம் இராது. கயிற்று நுனியில் வெறும் குண்டைத் தொங்கவிட்டுத் தருவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். வளையம் வளையமாகவே இருக்கும். கப்பி தொய்ந்திருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிலையும் கட்டிலையும், குழந்தை ஏறக்கூடிய நாற்காலியையும் கயிற்றுக்கு எட்டாத தூரத்தில் போடுங்கள்.

குழந்தை தூங்கும் அறைக்கோ, கயிறே வேண்டாம். தலைமை ரன்னரில் மாட்டித் தொங்கவிடும் நீண்ட கோல் ஒன்று கிடைக்கிறது. அதைப் பிடித்துத் தள்ளினால் திரை நகரும்; துணியிலும் கை படாது. விலையும் குறைவு.

பேரன் பேத்திகள் விடுமுறைக்கு மட்டுமே வருகிற வீடாயிற்றே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். புது இடத்தில்தான் குழந்தைகளின் கைக்கு வேலை அதிகம். இன்று சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஜன்னலருகிலும் உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள். தொங்குகிற வளையம் ஏதாவது தென்பட்டால், திரைக்குப் புதுத் துணி எடுப்பதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை. சுவரில் முடுக்கும் அந்தக் கப்பியை நாளைக்கே வாங்கிவிடுங்கள்.